பாசல் ஃபாஸ்நாக்ட்: ஒரே ஒரு நாள் என்றால் எந்த நாள், வேஷம் போட வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது. 2027 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து முகமூடித் திருவிழாவான ஃபாஸ்நாக்டைப் பார்க்க மனைவி, ஏழு வயது மகள், வயதான அம்மா ஆகியோரோடு ஒரே ஒரு நாள் வர முடியும். எந்த நாள் வரலாம், எங்கே நின்றால் ஊர்வலம் நன்றாகத் தெரியும், நால்வருக்கும் முகமூடி வாங்கிவிட வேண்டுமா? இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொன்றையும் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. பழக்கமில்லாத ஊரின் விழாவுக்குப் போய், யாருக்கும் இடைஞ்சலாக இல்லாமல், அதே நேரம் அதற்கு வெளியேயும் நின்றுவிடாமல் எப்படி இருப்பது என்பதுதான் அது. நான் பாசலில் குடியிருப்பவன். பல வருடங்களாக இங்கே ஒரு குழுவில் பிக்கொலோ என்னும் சின்னக் குழலை ஊதி வருகிறேன். ஆகவே என் பதில் குழலும் டிரம்மும் இருக்கும் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். பித்தளை வாத்தியக் குழுவில் இருப்பவரைக் கேட்டால் வேறு நேரத்தைச் சொல்வார், அதுவும் நியாயமே.

முதலில் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். லூசெர்ன், கொலோன் போன்ற நகரங்களில் சாம்பல் புதன் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு தொடங்கும் நாள்) வந்ததும் கொண்டாட்டம் முடிந்துவிடும். பாசலில் அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் ஆரம்பமே. திங்கள் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி வியாழன் அதிகாலை 4 மணிக்கு முடிகிறது. சரியாக 72 மணி நேரம். 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, எனவே பாசல் ஃபாஸ்நாக்ட் பிப்ரவரி 15, 16, 17. ஒரு வாரம் முன்னதாக வந்து இறங்கினால் வெறும் தெருவைத்தான் பார்ப்பீர்கள்.

முகமூடிக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: வேண்டாம். இது பார்க்க வருகிறவர்களும் சேர்ந்து வேஷம் போடும் விழா இல்லை. முகத்தில் சாயம் பூசிக்கொள்வது, கடையில் கிடைக்கும் தொப்பியும் பொய்மூக்கும் மாட்டிக்கொள்வது, இவையெல்லாம் இங்கே முகம் சுளிக்க வைக்கும். யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள், ஆனால் விஷயம் புரியாமல் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். காரணம் இருக்கிறது. இங்கே வேஷம் போடுகிறவர் தலை முழுவதையும் மூடும் லார்வெ என்ற முகமூடியும், கழுத்திலிருந்து கால்வரை தோலே தெரியாத உடையும் அணிகிறார். அவர் யார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியக் கூடாது. பார்ப்பவர் சாதாரணக் கோட்டில் நிற்பதும், வேஷக்காரர் முழுசாக மறைந்திருப்பதும் சேர்ந்தால்தான் விழா நடக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு சின்ன உலோக பேட்ஜ். பிளாகெட்டெ என்பார்கள். ஒவ்வொரு வருடமும் புது வடிவத்தில், செம்பு, வெள்ளி, தங்க நிறங்களிலும் பிஷு என்ற நகை வடிவிலும் வரும். விழாவை 1910இலிருந்து நடத்திவரும் ஃபாஸ்நாக்ட்ஸ் கமிட்டி இதை வெளியிடுகிறது. விற்ற பணத்தில் பெரும்பங்கு குழுக்களுக்கே போகிறது. தெருவில் குழுக்காரர்களே விற்பார்கள், செம்பு ஒன்று வாங்கிக் கோட்டில் தெரியும்படி குத்திக்கொண்டால் போதும். இது இல்லாமல் ஊர்வல வண்டிக்குப் பக்கத்தில் நின்றால் வண்டியிலிருப்பவர் காகிதத் துணுக்குகளைக் கோட்டுக் காலருக்குள்ளேயே திணித்துவிடுவார்.

சரி, எந்த நாள்? ஞாயிறு இரவே பாசலுக்கோ பக்கத்துக்கோ வந்துவிட முடிந்தால் திங்கள். முடியாவிட்டால், உங்கள் குடும்பத்துக்குச் செவ்வாய். ஊர்வலம் திங்களும் புதனும்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஊர்வலத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் ஃபாஸ்நாக்டின் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

திங்கள் அதிகாலை நடப்பது மோர்கெஷ்ட்ரைக். மூன்றரை மணிக்கே பழைய நகரம் நிறைந்துவிடும். வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். கடைகளின் கண்ணாடி விளக்குகளையும் வீட்டு ஜன்னல் விளக்குகளையும் முன்பே அணைத்திருப்பார்கள். மார்ட்டின் தேவாலயத்து மணி நான்கு அடிக்கும்போது நகர மையத்தின் தெருவிளக்குகள் அத்தனையும் ஒரே நொடியில் அணைகின்றன. கூட்டம் மூச்சை இழுப்பது காதில் விழும். இருட்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு குழுவின் தலைவரும் ஒரே கட்டளையைக் கொடுக்கிறார்: ‘மோர்கெஷ்ட்ரைக்! ஃபோர்வெர்ட்ஸ், மார்ஷ்!’ நகரத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் எல்லாக் குழுக்களும் ஒரே மெட்டைத் தொடங்குகின்றன. வெளிச்சம் என்றால் அவர்கள் கொண்டுவரும் வெளிச்சம் மட்டும்தான். முன்னால் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் பெரிய துணி லாந்தர். நால்வர் தோளில் சுமப்பார்கள் அல்லது சக்கரத்தில் தள்ளுவார்கள். பின்னால் வரும் ஒவ்வொருவர் தலைமேலும் குட்டி லாந்தர். அந்த நேரத்தில் குழலும் டிரம்மும் மட்டுமே ஒலிக்கும், பித்தளை வாத்தியங்களுக்கு இடமில்லை. ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், தயவுசெய்து. அணைத்த விளக்குகளுக்கெல்லாம் அர்த்தமில்லாமல் போகும். கைபேசித் திரையையும் கொஞ்ச நேரம் பையிலேயே வைத்திருங்கள்.

எங்கே நிற்பது? வெளியூர்க்காரர்கள் எல்லோரும் மார்க்ட்பிளாட்ஸ் சதுக்கத்துக்குத்தான் போவார்கள். நீங்கள் போக வேண்டாம். அங்கே முன் வரிசையில் இல்லாவிட்டால் முதுகுகளைத்தான் பார்க்கலாம். ஏழு வயதுக் குழந்தைக்கு அதுவும் தெரியாது. நாடெல்பெர்க், ஹொய்பெர்க் பக்கம் மேட்டுச் சந்துகளுக்குப் போங்கள். சதுக்கத்தில் ஒரே நேரத்தில் இருபது குழுக்களின் சத்தம் கலந்து கேட்கும். சந்தில் ஒரு குழு உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தனியாகக் கடந்து போகும். கல் பாவிய குறுகிய தெருவில் இரண்டு பக்கச் சுவரும் டிரம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும்போது அது நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கும். மகளுக்குக் காது மூடி கட்டாயம் எடுத்துவாருங்கள். அம்மாவுக்கும் ஒன்று.

இனி, நான் ஃபாஸ்நாக்டின் உயிர் என்று நினைக்கிற விஷயம். இங்கே கெஸ்லெ என்பார்கள், சந்து சந்தாக நடப்பது. பாதை அறிவிக்கப்படாது, நேரம் கிடையாது. பத்துப் பதினைந்து பேர் உள்ள ஒரு சின்னக் குழு, சில சமயம் மூன்று குழலும் ஒரு டிரம்மும் மட்டும், ஒரு மதுக்கடையிலிருந்து வெளியே வந்து வரிசை கட்டி, மெதுவான ஒரு மார்ச்சை எடுத்துக்கொண்டு இருட்டுச் சந்துக்குள் இறங்கிவிடும். அவர்களுக்குப் பின்னால் நாலைந்து அடி விட்டு நீங்களும் நடக்கலாம். அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஊர்க்காரர்களே அப்படித்தான் நடக்கிறார்கள். பாசல் மார்ச் நடை மிக மெதுவானது. இரண்டு மூன்று நிமிடத்தில் உங்கள் கால் தானாக அந்தத் தாளத்துக்கு வந்துவிடும். பேசாமல் நடங்கள். முடியும்போது கை தட்ட வேண்டாம். அவர்கள் அதை எதிர்பார்ப்பதில்லை, அவர்கள் வாசிப்பது தங்களுக்காக. நடந்துகொண்டிருக்கும் குழுவின் வரிசையை ஊடறுத்துத் தெருவைக் கடக்கவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் மகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். சதுக்கத்துக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் நிற்பதைவிட, இம்பெர்கெஸ்லைன் படிக்கட்டில் ஒரு குழுவின் பின்னால் கால் மணி நேரம் நடப்பது மேல். இதை நான் யாரிடமும் வாதாடுவேன்.

பின்னால் நடக்கும்போது, இல்லை அவர்கள் நிற்கும்போது, லார்வெயைக் கிட்டத்தில் பாருங்கள். களிமண்ணில் முகத்தை வடித்து, அதன்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அச்சுக்குள் பசை தடவிய காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்துச் செய்வது பழைய முறை. இப்போது வேறு பொருள்களும் வந்துவிட்டன. குழல் ஊதுகிறவரின் லார்வெயில் மேலுதடு தூக்கலாக இருக்கும், வாய்க்குக் கீழே வெட்டிவிட்டிருக்கும். குழலை அதற்குள் கொண்டுபோனால்தான் உதட்டில் வைக்க முடியும். டிரம் அடிக்கிறவருக்கு அந்தத் தேவை இல்லாததால் அவர் முகம் தாடைவரை முழுசாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பூதாகரமான மூக்கும் கண்ணும். உள்ளேயிருந்து எங்களுக்குத் தெரிவது இரண்டு சின்ன ஓட்டை வழியாக முன்னால் போகிறவரின் முதுகு. மூச்சு உள்ளே ஈரமாகிச் சொட்டும். அருகில் இருப்பவரின் குழலைவிடத் தன் குழலே பலமாகக் கேட்கும். அதனால்தான் வருடம் முழுக்க வாராவாரம் பயிற்சி. இங்கே டிரம் கற்கும் குழந்தைகள் பல வருடம் ரப்பர் பலகையில் அடித்துப் பழகிய பிறகே தெருவுக்கு வருகிறார்கள்.

திங்களும் புதனும் மதியம் ஒன்றரை மணிக்குத் தொடங்கும் பெரிய ஊர்வலம் கோர்தேஜ். ரைன் ஆற்றின் இரு கரைகளையும் பாலங்கள் வழியாக இணைத்து, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இரண்டு வட்டப் பாதைகளில் சுற்றும். பல்லாயிரம் பேர் வேஷத்தில் வருவார்கள். ஒவ்வொரு குழுவும் அந்த ஆண்டின் ஏதாவது ஒரு விவகாரத்தை எடுத்துக்கொண்டு லாந்தர், உடை, முகமூடி அத்தனையிலும் அதைக் கிண்டல் செய்திருக்கும். பாசல் வட்டாரப் பேச்சில் பாட்டாக எழுதிய நீளத் தாள்களையும் நீட்டுவார்கள். ஜெர்மன் தெரிந்தாலே பாதிதான் புரியும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டிகளில் வருகிறவர்கள் வாகிஸ்கள்: நீலச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, மரச் செருப்பு, கத்தரிக்காய் அளவு மூக்கு. எல்லையைத் தாண்டிய அல்சாஸ் பகுதி விவசாயியைக் கேலி செய்து பிறந்த வேஷம் இது. குழந்தைகளுக்கு மிட்டாயும் ஆரஞ்சும், பெண்களுக்கு மஞ்சள் மிமோசாப் பூவும் எறிவார்கள். கூடவே ரெப்லி என்ற காகிதத் துணுக்குகளைக் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். நீங்களும் ஒரு பை வாங்கலாம், ஆனால் இரண்டு விதி. கீழே விழுந்ததை அள்ளி எறியக் கூடாது. ஒரு பையில் ஒரே நிறம்தான் விற்பார்கள், கலந்த நிறம் என்றால் தரையிலிருந்து பொறுக்கியது என்று தெரிந்துவிடும். வேஷத்தில் இருப்பவர் மேல் எறியக் கூடாது. மற்றபடி ஊர்வலம் பார்க்க எந்த இடமும் நல்ல இடம்தான், வெட்ஷ்டைன் பாலத்துப் பக்கம் கொஞ்சம் மூச்சு விடலாம்.

செவ்வாய்க்கிழமை குழந்தைகளுக்கு உரிய நாள். அதிகாரபூர்வ ஊர்வலம் இல்லை. அப்பா அம்மாவோடு குட்டி டிரம் கட்டிய நாலு வயது வேஷக்காரர்கள் இழுவண்டியை இழுத்துக்கொண்டு அவரவர் இஷ்டத்துக்குச் சுற்றுவார்கள். உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் மற்ற இரு நாளில் பெரியவர்களின் இடுப்புக்குக் கீழே நசுங்குவார்கள். செவ்வாயன்று தெரு அவர்களுடையது. குழந்தை வேஷம் போடலாமா என்றால், குழந்தைகளுக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மாலையில் மார்க்ட்பிளாட்ஸ், பார்ஃபியூசர்பிளாட்ஸ், கிளாராபிளாட்ஸ் சதுக்கங்களில் குகென்மூசிக். டிராம்போன், சூசாஃபோன், டிரம் செட் என்று நாற்பது ஐம்பது பேர் வேண்டுமென்றே சுருதியைக் கொஞ்சம் கோணலாக்கி வாசிப்பார்கள். இங்கே தாராளமாகக் கை தட்டலாம், ஆடலாம்.

இது எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டால் சொல்ல, உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துத் தருகிறேன். 1376 பிப்ரவரி 26 அன்று ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்டின் வீரர்கள் மியூன்ஸ்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் போட்டி விளையாட்டு நடத்த, அது ரத்தக் கலவரத்தில் முடிந்தது. அதைக் ‘கெட்ட ஃபாஸ்நாக்ட்’ என்று பதிவுகள் சொல்கின்றன. இது உறுதி. 1356 நிலநடுக்கத்தில் நகரமே சிதைந்ததால் அதற்கு முந்தைய எழுத்துச் சான்று மிச்சமில்லை. 1529இல் நகரம் புராட்டஸ்டண்ட் ஆன பிறகும், தடைகள் வந்தும், விழா நிற்கவில்லை என்பதும் உறுதி. 1845இல் தீப்பந்தம் ஏந்தி வருவதைத் தடை செய்த பிறகுதான் லாந்தர்கள் பெருகின. 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கொரோனா காரணமாக 2020இல் விழா தொடங்க மூன்று நாள் இருக்கும்போது கூட்டங்களுக்குத் தடை வந்தது. செய்து முடித்த லாந்தர்கள் கொட்டகையிலேயே நின்றன.

சந்தேகமானது: கத்தோலிக்கர்களைச் சீண்டவே பாசல்காரர்கள் ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள் என்று பல வழிகாட்டிகள் சொல்வார்கள். நம்பத் தகுந்த விளக்கம் வேறு. 1091இல் பெனெவெந்தோ திருச்சபைக் கூட்டம் நோன்பு நாற்பது நாளில் ஞாயிறுகளைச் சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்ததால் நோன்பின் தொடக்கம் ஆறு நாள் முன்னே போனது. பாசல் பழைய கணக்கையே வைத்துக்கொண்டது. குளிர்காலப் பேய்களை விரட்டும் ஆதிகாலச் சடங்கு என்பதும் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதற்குச் சான்று இல்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நேர்மையான பதில் தந்ததாகாது. இந்த விழாவின் கிண்டல் யாரையும் விட்டுவைக்காது. அதில் பழைய லார்வெ பாணிகள் சில, கறுத்த தோலையும் தடித்த உதட்டையும் கேலிப் பொருளாக்கியவை. 2018இல் ஒரு குகென்மூசிக் குழுவின் பெயரும் சின்னமும் இதே காரணத்தால் நாடு முழுக்க விவாதமானது. மரபு என்று ஒரு பக்கமும், இனியும் தகாது என்று மறுபக்கமும் நின்றன. என் கருத்தில் இரண்டாவது பக்கம்தான் சரி. அப்படிப்பட்ட முகமூடி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், அதைக் கண்டு உங்களுக்கு வருத்தம் வந்தால், அந்த வருத்தம் விஷயம் புரியாததால் வந்ததல்ல. இங்கேயே பிறந்தவர்கள் பலருக்கும் அது உண்டு. பெரும்பாலான குழுக்கள் அதிகாரத்தில் மேலே இருப்பவரைத்தான் சாடுகின்றன. எங்கள் குழுவில் ஆண்டுதோறும் கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் இப்போது இந்தக் கேள்வியும் எழுகிறது.

சாப்பாட்டில், அதிகாலையில் கிடைக்கும் மாவு சூப்பைக் குடித்துப் பாருங்கள். கோதுமை மாவைப் பழுப்பாகும்வரை வறுத்து நெடுநேரம் கொதிக்கவிட்டு, மேலே சீஸ் துருவிப் போடுவது. சைவம் என்றால் முன்பே கேளுங்கள், பல இடங்களில் மாட்டிறைச்சிச் சாற்றில்தான் செய்வார்கள். வெங்காய வெயெ என்ற தட்டையான பணியாரத்திலும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கலாம். சீஸ் வெயெ பாதுகாப்பானது.

பயணத்தைப் பொறுத்தவரை, ஞாயிறு இரவு முழுக்கப் பல நகரங்களிலிருந்து சிறப்பு ரயில்கள் ஓடும், விடுதி கிடைக்காவிட்டால் அதுவே வழி. மூன்று நாளும் நகர மையத்து டிராம்கள் திருப்பிவிடப்படும் என்பதால் பாசல் எஸ்பிபி நிலையத்திலிருந்து நடந்துதான் வர வேண்டும், கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ மோர்கெஷ்ட்ரைக் கூட்டத்தில் நகராது. கற்களில் வழுக்காத செருப்பு, உள்ளே இரண்டு அடுக்கு கம்பளி.

அம்மாவை நினைத்துத்தான் செவ்வாயை அழுத்திச் சொல்கிறேன். திங்கள் மாலை முதல் புதன் காலைவரை சுமார் 200 பெரிய லாந்தர்களை மியூன்ஸ்டர்பிளாட்ஸில் வரிசையாக நிறுத்திவைப்பார்கள். கட்டணம் இல்லை, நெரிசலும் குறைவு, சமதளமான சதுக்கம். காலை பத்து மணிவாக்கில் வந்து அங்கே நிதானமாகச் சுற்றுங்கள், மதியம் மகளைத் தெருவில் விடுங்கள், ஆறு மணிக்கு விளக்கு ஏற்றிய பிறகு லாந்தர்களை இன்னொரு முறை பாருங்கள். அப்புறம் மனைவியும் நீங்களும் மாறி மாறி ஒருவர் அம்மாவோடும் மகளோடும் ஏதாவது உணவகத்தில் உட்கார, மற்றவர் மியூன்ஸ்டர்பெர்க் இறக்கத்தில் முதலில் வரும் சின்னக் குழுவின் பின்னால் நடந்துவிட்டு வரலாம். எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும், வேஷத்தில் யாராவது படப்பலகையோடு உள்ளே வந்து பாட ஆரம்பித்தால் அது ஷ்னிட்செல்பாங்க். நாலைந்து வரிப் பாட்டு, கடைசி வரியில் குத்து. மொழி புரியாவிட்டாலும் பாட்டு முடியும்வரை பேச்சை நிறுத்திவிடுங்கள், பரிமாறுகிறவர்களும் அப்போது தட்டை வைத்துவிட்டு நிற்பார்கள்.